மகனுக்கு வாங்கின கியர் சைக்கிள்: ஏழு மாதம் ஓடின பிறகு எழுதுகிறேன்

சைக்கிளோட்டப் போட்டிக்குப் போகிற ஆட்கள் இதைப் படித்துப் பிரயோசனம் இல்லை. வீட்டில் ஒரு பொடியன் இருந்து, காலையும் பின்னேரமும் "அம்மா, மோட்டார் சைக்கிள்" என்ற ஒரே பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கிற ஆட்களுக்குத்தான் எழுதுகிறேன்.

நாங்கள் கிளிநொச்சி மாவட்டத்தில் வட்டக்கச்சி. மகனுக்கு வருகிற மார்கழியோடு 16. இந்த முறை சாதாரண தரப் பரீட்சை எழுத இருக்கிறான், ரியூசன் கிளிநொச்சி ரவுணில், போக முக்கால் மணித்தியாலம், வர முக்கால் மணித்தியாலம். அவனுடைய வகுப்பில் நாலைந்து பேர் தகப்பன்மாருடைய மோட்டார் சைக்கிளில் வருகிறார்கள். 18 வயதுக்கு முதல் லைசன்ஸ் எடுக்க ஏலாது என்பது அந்தத் தகப்பன்மாருக்கும் தெரியும். கேட்டால், "உள் ரோட்டாலதானே போறான்" என்பார்கள். உள் ரோட்டு போய் ஏ9 மெயின் ரோட்டில்தானே ஏறுகிறது. அந்த ரோட்டில் லொறியும் பஸ்சும் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, செத்தவீட்டுக்குப் போய் வந்தவர்களுக்கு இன்னும் தேவையில்லை.

காசு விஷயமும் இருக்கிறது. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தின பிறகு பழைய மோட்டார் சைக்கிள்களே லட்சக்கணக்கில் ஏறிப்போய் விட்டன. லீசிங்கில் எடுத்துவிட்டு மாதம் மாதம் கட்ட முடியாமல் தாயின் சங்கிலி அடகுக்குப் போன கதை எங்கள் ஒழுங்கையிலேயே இரண்டு இருக்கிறது. அதனால் காலபோக நெல் வித்த கையோடு, மாசி கடைசியில், சைக்கிள் வாங்குவது என்று நானும் இவரும் முடிவு எடுத்தோம். மகன் இரண்டு நாள் கதைக்கவில்லை.

எனக்கு விருப்பமாக இருந்தது பழைய மாதிரிச் சாதாரண சைக்கிள். கரியர், செயின் கவர், இரும்பு மட்காட் எல்லாம் உள்ளது, ஒரு மூட்டை நெல்லை வைத்து மில்லுக்குக் கொண்டுபோகலாம். மகன் கை காட்டியது முன்னுக்கு ஷொக் வைத்த, கியர் உள்ள, தடித்த டயர்ச் சைக்கிள். கடையில் நின்றே கால் மணித்தியாலம் வாக்குவாதம். கடைசியில் இவர் என்னை வெளியில் கூப்பிட்டு, "அவனுக்கு வெக்கமான சைக்கிளை வாங்கிக் குடுத்தா அதைச் சந்தியில விட்டிட்டுக் கூட்டாளியின்ர மோட்டார் சைக்கிள்ல பின்னால ஏறுவான், பிறகு ரெண்டு காசும் நட்டம்" என்றார். யோசித்துப் பார்த்தேன், சரிதான். கியர் சைக்கிளையே எடுத்தோம்.

இனி குறைகள். கடையின் பெயரும் சைக்கிளின் பெயரும் எழுதவில்லை, மற்றக் கடைகளிலும் இதே கதைதான் என்று பிறகு கேள்விப்பட்டேன். 58,000 ரூபா என்று சொன்னார்கள். காசைக் கட்டின பிறகு பார்த்தால் மட்காட் இல்லை, கரியர் இல்லை, பெல் இல்லை, லைற் இல்லை. எல்லாம் தனித்தனிக் காசு. விலை சொல்லும்போது முழுச் சைக்கிள், கையில் தரும்போது பாதிச் சைக்கிள். மட்காட்டும் கரியரும் பூட்டி வெளியில் வரும்போது 63,000 தாண்டி விட்டது. கரியர் பூட்ட மகன் விடவில்லை, "மீன்காரற்ர சைக்கிள் மாதிரி இருக்கும் அம்மா" என்று கண் கலங்கினான். நான் விட்டுக் கொடுக்கவில்லை. (மூன்றாம் மாதம் அதே கரியரில் தங்கச்சியை ஏற்றிக்கொண்டு கோயில் திருவிழாவுக்குப் போனார் துரை. நான் ஒன்றும் கேட்கவில்லை.)

முதல் இரண்டு மாதத்திலேயே பிறேக் கட்டை தேய்ந்தது. பிளாஸ்ரிக் பெடல் ஒன்று வெடித்தது. முன் ஷொக் ஒவ்வொரு குழிக்கும் முனகும், அது முனகுவதைத் தவிர வேறு என்ன வேலை செய்கிறது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. பெரிய குறை கியர்தான். எங்கள் ரோட்டுகள் பாதி கிரவல், வெயிலில் செம்புழுதி, மழையில் சேறு. பின் சில்லுக்குப் பக்கத்தில் தொங்குகிற அந்தச் சின்னப் பல்லுச் சில்லுகளுக்குள் சேறு போய்க் காய்ந்தால் செயின் துள்ளும், ஏற்றத்தில் கழன்று விழும். எங்கள் சந்தியில் வேப்பமரத்துக்குக் கீழே சைக்கிள் திருத்துகிற அண்ணை பார்த்தவுடனேயே, "தங்கச்சி, இந்த மண்ணில ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை, எல்லாம் சமதரை, உவனுக்கு என்னத்துக்கு இத்தனை கியர்" என்று கேட்டார். உண்மை. குளக்கட்டு ஏறுவதைத் தவிர எங்கள் பக்கத்தில் ஏற்றம் என்று ஒன்று இல்லை. இப்போது அவன் நடுவில் ஒரு கியரில் போட்டுவிட்டு அப்படியே ஓடுகிறான். நீங்கள் வாங்குவதென்றால், ஷொக் இல்லாமல், கியர் இல்லாமல், பார்க்க மட்டும் அந்த மாதிரி இருக்கிற சைக்கிள்களும் வருகின்றன, விலையும் குறைவு. பொடியன்கள் அதற்கும் சம்மதிப்பார்கள், கொஞ்சம் நிறம் பார்த்து எடுத்தால் சரி.

அந்த அண்ணையைப் பற்றியும் சொல்ல வேண்டும், உண்மையில் ஐந்து புள்ளி கொடுக்க வேண்டியது அவருக்குத்தான். ஒட்டுப் போடப் போன மகனை "நீயே போடு" என்று இருத்தி விட்டார். ரியூப்பைத் தண்ணிச் சட்டிக்குள் அமத்தி எங்கே குமிழி வருகிறது என்று பார்ப்பது, உரஞ்சுவது, சொலூசன் பூசிவிட்டு அவசரப்படாமல் காயவிடுவது. காயவிடுகிற அந்த இரண்டு நிமிசம்தான் இவனுக்குப் பெரிய பாடு. இப்போது பெடலும் பிறேக்கும் அவனே மாற்றுகிறான். சனிக்கிழமைகளில் அங்கேதான் நிற்கிறான், கை முழுக்கக் கிறீஸ். படிப்பு கெட்டுவிடுமோ என்று முதலில் பயந்தேன். இவர் சொன்னார், பின்னேரத்தில் குளக்கட்டில் கூடி நிற்கிற கூட்டத்தில் யாரிடம் மாவா இருக்கு, யாரிடம் ஐஸ் போதைப்பொருள் இருக்கு என்று எங்களுக்குத் தெரியாது, வேப்பமரத்துக்குக் கீழே என்ன இருக்கென்று தெரியும்தானே.

லைற்றுக் கதைதான் எனக்குப் பிடித்த கதை. கடையில் 1,800 ரூபாவுக்கு ஒரு சார்ஜ் லைற் தந்தார்கள். சித்திரையில் அடித்த ஒரு இடிமழையோடு அது போய்விட்டது. மாற்றித் தரக் கேட்டால், தண்ணி பட்டால் உத்தரவாதம் இல்லையாம். மழையில் எரியாத சைக்கிள் லைற்றை வைத்து வன்னியில் என்ன செய்வது? அண்ணை தன் பெட்டிக்குள் கிடந்த பழைய டைனமோ ஒன்றை, சில்லு சுற்றும்போது டயரில் உரசிக் கரண்ட் தருகிற சாமானை, தூக்கிக் கொடுத்தார். மகனுக்கு அது என்னவென்றே தெரியவில்லை.

அன்று இரவு நான் சொன்னேன். சண்டை நேரம், சாமான் வர விடாத பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரிக்கும் தடை, மண்ணெண்ணெய் யானை விலை, மின்சாரம் இல்லவே இல்லை. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்திவிட்டு ஒருவர் மாறி ஒருவர் பெடலை மிதித்து, டைனமோவில் வயர் எடுத்து ரேடியோ கேட்டோம். மிதிக்கிறவர் களைத்தால் செய்தி வாசிக்கிறவரும் களைத்து விடுவார். நான் மிதித்த சைக்கிள் எங்களோடு இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து 2009இல் முள்ளிவாய்க்கால் வரைக்கும் வந்தது. அங்கேயே விட்டுவிட்டு வட்டுவாகல் பாலம் தாண்டினோம். அந்த வருடம் மார்கழியில், செட்டிகுளம் அகதி முகாமில் இருக்கும்போது இவன் பிறந்தான். இவ்வளவையும் அவன் வாய் திறக்காமல் கேட்டான், பிறகு, "அம்மா, அதில எத்தனை வோல்ட் வந்தது?" என்றான். எனக்கு என்ன தெரியும் வோல்ட்!

அடுத்த நாளே டைனமோவைப் பூட்டி, ஒரு சின்ன எல்ஈடி பல்ப்பை அதோடு பொருத்தி, முதல் பல்ப்பு எரிந்துபோய், இரண்டாவது பல்ப்புக்கு ஏதோ ஒன்றை இடையில் போட்டுச் சரிக்கட்டி விட்டான். எங்களுக்கும் ஆசை தொற்றிக்கொண்டது. அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது, பக்கத்திலேயே ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனமும் இருக்கிறது. வவுனியாவுக்குப் பஸ்சில் போகும்போதெல்லாம் அந்தக் கேற்றுகளை இவர் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே போகிறார், நானும் பார்க்காத மாதிரிப் பார்க்கிறேன். மகனிடம் சொல்வதில்லை. அவன் கணக்குப் பாடத்தில் எடுக்கிற புள்ளிக்கு இது கொஞ்சம் கூடின ஆசை. பக்கத்து வீட்டுப் பெடியன் வெளிநாடு போக ஏஜென்சிக்குக் காசு கட்டிவிட்டு இருக்கிறான், அந்தத் தாய் என்னிடம், "அங்க போனாலாவது உயிரோட இருப்பான்" என்று சொன்னா. அவவுக்கு என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

சைக்கிளுக்கு வருவோம். டைனமோவைப் போட்டால் மிதிக்கப் பாரமாக இருக்கும், டயரின் பக்கமும் தேயும், இதைத் தெரிந்துதான் போட வேண்டும். ஆனால் எனக்கு அதில் ஒரு வசதி. எங்கள் வீட்டு வாசலில் நின்றால் வயலுக்கு அந்தப் பக்கம் வாய்க்கால் கரை தெரியும். ரியூசன் விட்டு இருட்டுப்பட்டு வரும்போது லைற் ஒன்று ஆடி ஆடி வரும். வேகமாக மிதித்தால் பளிச்சென்று இருக்கும், குழி பார்த்து மெதுவாக வந்தால் மங்கும், நின்றால் அணைந்து விடும். மதகடியில் ஒவ்வொரு நாளும் ஒருக்கால் அணையும், கூட்டாளி பிரிகிற இடம் அது. அணைந்து இரண்டு நிமிசத்துக்கு மேல் போனால் நான் படலைக்கு வந்து விடுவேன். திரும்ப எரிந்தால் அடுப்படிக்குப் போய்ப் புட்டை இறக்குவேன். இந்த விஷயம் அவனுக்குத் தெரியாது.

புள்ளி என்றால் சைக்கிளுக்கு ஐந்துக்கு மூன்று, கடைக்கு இரண்டு.

கடைசியாக ஒன்று, வாங்கப் போகிறவர்கள் கவனியுங்கள். சீற்றுக்குக் கீழே உள்ள குழாயில் ஒரு கோடு கீறியிருக்கும், அந்தக் கோடு வெளியில் தெரிகிற அளவுக்குச் சீற்றை உயர்த்தக் கூடாது, குழாய் முறிந்து விடும். கடையில் இதை யாரும் சொல்லவில்லை, அண்ணைதான் காட்டினார். வாங்கும்போது சீற் அடிமட்டத்தில் இருந்தது. ஏழு மாதத்தில் மூன்று தரம் உயர்த்தி விட்டான், கோட்டுக்கு இன்னும் இரண்டு விரல்தான் மிச்சம். வளர்கிற பொடியனுக்கு வாங்குகிறீர்கள் என்றால் ஒரு அளவு பெரிய பிறேமாகப் பார்த்து எடுங்கள், முதல் இரண்டு மாதம் கால் எட்டவில்லை என்று முனகினாலும் பரவாயில்லை.