விற்பதற்கு முன் வீட்டுப் பரிசோதனை: காசு கொடுக்கலாமா?

சென்னையில் இருபது, முப்பது வருடப் பழைய வீட்டை விற்கிறவர்கள், வீட்டைச் சோதித்து ரிப்போர்ட் தருகிறவர்களுக்குத் தாராளமாகக் காசு கொடுக்கலாம். ஆனால் முன்பணம் தருவதற்கு முன் என்னென்ன சோதிப்பார்கள் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வண்ண வண்ணப் படங்களோடு தடிமனாக வரும் ரிப்போர்ட் பலவற்றில் விஷயம் குறைவு.

தெர்மல் கேமரா தண்ணீரைக் காட்டாது, சூட்டு வித்தியாசத்தைத்தான் காட்டும். சித்திரை வெயிலில் காய்ந்த சுவரில் கசிவு பிடிபடாது. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்த கையோடு கூப்பிடுவதே சரி. ஈரப்பத மீட்டரும் உப்புப் பூத்த சுவரில் இல்லாத ஈரத்தைக் காட்டும்.

குளியலறையில் வடிகாலை அடைத்து, இரண்டு சென்டிமீட்டர் உயரம் தண்ணீர் கட்டி, 24 மணி நேரம் கழித்துக் கீழ்த்தளத்துச் சீலிங்கைப் பார்க்க வேண்டும். இதற்கு இரண்டு முறை வர வேண்டியிருப்பதால் பலர் தவிர்க்கிறார்கள். விடாதீர்கள். மொட்டை மாடியில் தட்டோடு இணைப்புகளையும், கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலையையும் பார்த்தார்களா என்று கேளுங்கள். ஒழுக்கு பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும்.

கான்கிரீட் சோதனையில்தான் ஏமாற்றம் அதிகம். கான்கிரீட்டின் பலத்தைத் தட்டிப் பார்க்கும் ரீபவுண்ட் சுத்தியலைப் பூச்சின் மேலேயே தட்டி எண் குறிப்பது வீண். பூச்சைக் கொத்தியெடுத்துவிட்டுத் தட்ட வேண்டும். புதிதாக உடைத்த இடத்தில் பினாப்தலீன் என்ற நிறங்காட்டித் திரவத்தைத் தெளித்தால் நல்ல கான்கிரீட் இளஞ்சிவப்பாகும். நிறம் மாறாத பகுதி கம்பி வரை போயிருந்தால் துருவுக்கு வழி திறந்துவிட்டது என்று அர்த்தம். அப்படிப்பட்ட இடத்தைப் பட்டி பார்த்து மூடினால், துரு பருத்துச் சீலிங் மறுபடி பெயர்ந்து விழும். கம்பிக்குப் பின்புறம் வரை கொத்தி, துருவைத் தேய்த்தெடுத்து, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலவையால் அடைக்க வேண்டும். வேலைப் படங்களையும் பில்லையும் வாங்குகிறவரிடம் காட்டலாம்.

மின்சாரத்தில், மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்துவது மட்டும் போதாது. எர்த் இல்லாத வீட்டிலும் அந்தப் பட்டன் வேலை செய்யும். எர்த்தை அதற்கென்றே உள்ள எர்த் டெஸ்டர் வைத்துத் தனியாக அளக்கச் சொல்லுங்கள்.

இந்தச் சேவையில் பெரிய குறை, அங்கீகரித்த வரைபடத்தோடு வீட்டை ஒப்பிட்டுப் பார்க்காததுதான். வாங்குகிறவர் கடன் போட்டால் வங்கி மதிப்பீட்டாளர் முதலில் கேட்பது அந்த வரைபடத்தை. மாடியில் பிற்பாடு கட்டிய அறை அப்போதுதான் பேச்சுக்கு வரும். கூடுதல் கட்டணம் கேட்டாலும் இதைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

இடித்துக் கட்டும் எண்ணத்தில் மனைக்காக மட்டும் வாங்குகிறார்கள் என்றால் இந்தச் செலவு தேவையில்லை.