"ரெண்டு வருஷம்தான் ஓடியிருக்கு சார்": ரீஃபர்பிஷ்டு லேப்டாப் வாங்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கல்லூரிச் சேர்க்கை நடக்கும் மாதங்களில் ரீஃபர்பிஷ்டு லேப்டாப், அதாவது ஏற்கெனவே ஓடியதைச் சரிசெய்து மறுபடி விற்கும் லேப்டாப் வியாபாரம் சூடு பிடிக்கும். அப்படி ஒரு சமயத்தில், முதலாண்டு பொறியியல் படிக்கும் மகளுக்காக ஒருவர் சென்னைக் கடை ஒன்றில் ₹24,000 கொடுத்து வாங்கிய லேப்டாப் ஏழே மாதத்தில் செத்துப்போனது. "கம்பெனி லாட் சார், ரெண்டு வருஷம்தான் ஓடியிருக்கு. இன்னும் அஞ்சு வருஷத்துக்குக் கவலையே வேண்டாம்" என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். அந்த மெஷினில் மறைக்கப்பட்டிருந்தவற்றைக் கீழே ஒவ்வொன்றாக எழுதியிருக்கிறோம். பெரும்பாலானவற்றைக் கடையில் நின்றபடியே கண்டுபிடித்திருக்கலாம்.

முதல் பொய் வயதில். அடிப்பக்கம் முழுவதும் புத்தம் புதிய கருப்பு ஸ்கின் ஒட்டியிருந்தது. அதற்கு அடியில்தான் டெல் ஒவ்வொரு மெஷினுக்கும் தரும் ஏழெழுத்து அடையாளக் குறியான சர்வீஸ் டேக் இருந்தது. ஸ்கின்னைக் கிழிக்காமலே அதைப் பார்க்கலாம். ஆன் செய்தவுடன் டெல் என்றால் எஃப்2, ஹெச்பி என்றால் எஃப்10, திங்க்பேட் என்றால் எஃப்1 அழுத்துங்கள், விண்டோஸுக்கு முன்னால் வரும் அடிப்படை செட்டிங்ஸ் திரையான பயாஸ் திறக்கும். அங்கே இருக்கும் சர்வீஸ் டேக் அல்லது சீரியல் நம்பரைத் தயாரிப்பாளரின் வாரண்டி பார்க்கும் பக்கத்தில் போட்டால் உண்மை வந்துவிடும். இந்த மெஷின் ஆலையை விட்டுக் கிளம்பியது 2016-இல். கடையில் சொன்ன வயது இரண்டு. பயாஸில் உள்ள எண்ணும் அடிப்பக்க லேபிளில் உள்ள எண்ணும் வேறாக இருந்தால், மதர்போர்டோ அடிமூடியோ மாற்றப்பட்ட மெஷின் என்று அர்த்தம். அதை வாங்கவே வேண்டாம்.

நெட் இல்லாத இடத்தில் பிராசஸர் எண்ணே வயதைச் சொல்லும். இதில் இருந்தது ஐ5-6300யு. நான்கிலக்க எண்ணில் முதல் இலக்கம் தலைமுறை; 6 என்றால் ஆறாவது, அதாவது 2015-இல் வெளியானது. 12450 போல ஐந்திலக்கமானால் முதல் இரண்டு இலக்கம். 1035, 1135 என ஒன்றில் தொடங்கும் நான்கிலக்கத்திலும் முதல் இரண்டைத்தான் பார்க்க வேண்டும். "ஐ7 லேப்டாப்" என்று மட்டும் சொல்லி எண்ணைச் சொல்லாமல் விற்பவரிடம் மிகவும் எச்சரிக்கையாக இருங்கள். ஆறாவது தலைமுறை ஐ7-6600யு-வில் இரண்டே கோர்; எட்டாவது தலைமுறை ஐ5-8250யு-வில் நான்கு. பெயரில் பெரியதாக இருப்பதற்கு அதிகம் கொடுத்து, வேலையில் பின்தங்கியதை வீட்டுக்குத் தூக்கி வருகிறார்கள்.

தலைமுறையைப் பார்க்க இன்னொரு காரணம் விண்டோஸ். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாஃப்ட் முறைப்படி அனுமதிப்பது, ஓரிரு விதிவிலக்கு தவிர, இன்டெலில் எட்டாவது தலைமுறையிலிருந்துதான். இந்த மெஷினிலும் விண்டோஸ் 11 ஓடியது. சோதனையைத் தாண்டிப் போகும்படி தயாரித்த பென் டிரைவ் வைத்து ஏற்றியிருந்தார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. அடுத்த பெரிய பதிப்பு வரும்போது அது தானாக இறங்காது. விண்டோஸ் உரிமத்தை உறுதி செய்யும் ஆக்டிவேஷனும் கள்ளத்தனம். விண்டோஸ் கீயோடு ஆர் அழுத்தினால் வரும் ரன் பெட்டியில் எஸ்-எல்-எம்-ஜி-ஆர் என்று தட்டி, இடைவெளி விட்டு, முன்சாய்கோடும் எக்ஸ்-பி-ஆரும் சேர்த்து என்டர் கொடுங்கள். நிரந்தர ஆக்டிவேஷன் என்று வந்தால் பரவாயில்லை. ஆறு மாதத்துக்குள் காலாவதித் தேதி ஒன்று காட்டினால், பெரிய நிறுவனங்களுக்கான 180 நாள் ஆக்டிவேஷன் முறையை கிராக் என்ற திருட்டு மென்பொருள் வைத்து ஏமாற்றியிருக்கிறார்கள். கிராக் மென்பொருள் கூடவே எதைக் கொண்டுவந்தது என்பது யாருக்கும் தெரியாது. அந்த லேப்டாப்பில் பேங்க் வேலை செய்யாதீர்கள்.

அடுத்தது பேட்டரி. அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். கமாண்ட் பிராம்ப்டில் பவர்-சிஎஃப்ஜி, இடைவெளி, முன்சாய்கோடு, பேட்டரிரிப்போர்ட் என்று கொடுத்தால் ஓர் அறிக்கை கிடைக்கும். வடிவமைத்த கொள்ளளவும் இப்போது முழு சார்ஜில் நிற்கும் கொள்ளளவும் அதில் இருக்கும். நல்ல பழைய பேட்டரியில் இரண்டாவது எண் முதலாவதைவிடக் கொஞ்சமாவது குறைந்திருக்க வேண்டும். 300 முதல் 500 சார்ஜ் சுற்று ஓடிய லித்தியம் பேட்டரி 80 சதவீதம் பிடித்தாலே நல்லது. இந்த மெஷினில் இரண்டு எண்ணும் அப்படியே ஒன்று, சுற்று எண்ணிக்கை பூஜ்யம். "பார்த்தீங்களா, புது பேட்டரி" என்று கடையில் அதையே சாட்சியாகக் காட்டியிருக்கிறார்கள். உள்ளே இருந்தது பழைய செல்களோடு கணக்குச் சிப்பை மட்டும் அழித்து எழுதிய காப்பி பேட்டரி. நிஜ பேக்கப் 35 நிமிடம். எனவே அறிக்கையை மட்டும் நம்ப வேண்டாம். 100 சதவீதத்தில் சார்ஜரைக் கழற்றி, வெளிச்சத்தை முழுதாக வைத்து, அரை மணி நேரம் வீடியோ ஓட்டுங்கள். 80-க்குக் கீழே போனால் அந்தப் பேட்டரி வேண்டாம். 60-இலிருந்து ஒரே தாவலாக 20-க்கு விழுந்தாலும் வேண்டாம்.

சார்ஜரும் டூப்ளிகேட். டெல் சார்ஜரின் பின்னில் நடுவில் ஒரு மெல்லிய ஊசி உண்டு. அடாப்டர் எத்தனை வாட் என்பது அதன் வழியாகத்தான் மெஷினுக்குத் தெரியும். தெரியாவிட்டால் பேட்டரி சார்ஜ் ஏறாது, பிராசஸர் வேகத்தையும் குறைத்துவிடும். ஆன் செய்யும்போதெல்லாம் அடாப்டரை அடையாளம் காண முடியவில்லை என்று செய்தி வந்தது. "எஃப்1 அழுத்துங்க, ஒண்ணுமில்ல" என்று போனில் பதில். அது ஒன்றுமில்லாத விஷயமல்ல.

நான்காம் மாதம் டச்பேட் அழுத்த முடியாதபடி மேலே தூக்கிக்கொண்டது. உள்ளே பேட்டரி உப்பியிருந்தது. இந்த அறிகுறி தெரிந்த நிமிடமே சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள். உப்பிய செல்லைக் குத்தவோ அமுக்கவோ கூடாது, தீப்பிடிக்கும்.

ஏழாம் மாதம் ஆனாகவே இல்லை. கடையில் "போர்டு போயிடுச்சு, சிப் லெவல்ல ரெடி பண்ணணும்" என்று ₹8,500 வாங்கினார்கள். பதினோரு நாள் ஓடியது, மறுபடி நின்றது. பிரித்துப் பார்த்தால் எந்தப் பாகமும் மாற்றப்படவில்லை; ஹீட் கன் வைத்துச் சிப்பைச் சூடாக்கிய பழுப்புத் தடம் மட்டும் இருந்தது.

இந்தச் சூடாக்கும் வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2008-இல் என்விடியா தன் லேப்டாப் கிராஃபிக்ஸ் சிப்கள் சிலவற்றில் வழக்கத்தைவிட அதிகமாகப் பழுது வருவதை ஒப்புக்கொண்டு, 15 முதல் 20 கோடி டாலர் வரை செலவுக்கு ஒதுக்கியது. சிப்பின் சிலிக்கான் துண்டுக்கும் அதன் அடித்தகட்டுக்கும் நடுவே உள்ள நுண்ணிய இணைப்புப் புள்ளிகள் சூடாகி ஆறிச் சூடாகி விரிசல் விட்டதுதான் கோளாறு. வெளியிலிருந்து சூடாக்கினால் அந்த விரிசல் தற்காலிகமாக ஒட்டிக்கொள்ளும். சில நாளோ சில வாரமோ ஓடும். சிப்புக்கும் போர்டுக்கும் நடுவிலுள்ள ஈயக் குண்டுகளை மாற்றும் ரீபால் செய்தாலும் அந்த உள்விரிசல் சரியாகாது; சிப்பையே மாற்ற வேண்டும். அன்று தொற்றிய பழக்கம் இன்று எல்லாப் பழுதுக்கும் மருந்தாகிவிட்டது. ஆன் ஆகாத போர்டில் பெரும்பாலும் மின்சாரம் வரும் சப்ளை லைனில் கெப்பாசிட்டர், மாஸ்ஃபெட் போன்ற ஏதோ ஒரு சின்ன பாகம் ஷார்ட் ஆகியிருக்கும். மல்டிமீட்டரில் கண்டுபிடித்து அந்த ஒன்றை மாற்றத் தெரிந்த மெக்கானிக், எந்தப் பாகம் என்று வாய் திறந்து சொல்வார், கழற்றியதைக் கையில் கொடுப்பார். எதை மாற்றினீர்கள் என்று கேட்டால் பதில் வராத இடத்தில் காசு கொடுக்காதீர்கள்.

சர்வீஸுக்குக் கொடுத்தபோது இருந்த 256 ஜிபி எஸ்எஸ்டி-யும் திரும்பி வரவில்லை. பெயரே கேள்விப்படாத ஒன்று உள்ளே இருந்தது. டிஸ்க்கின் விவரத்தைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளைத் திறந்து மாடல் பெயர், சீரியல் நம்பர், ஓடிய மணிநேரம் தெரியும்படி ஒரு படம் எடுத்து வைத்திருந்தால் சண்டை போடலாம். ராமுக்கும் அப்படியே. வாங்கும்போதும் இதே மென்பொருள் உதவும்: அலுவலக மெஷின் வருடத்துக்குச் சுமார் 2,000 மணி நேரம் ஓடும், அதை வைத்து வயதைக் கணக்கிடலாம். ஆனால் இந்த எண்ணையும் அழிக்கலாம். 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில், பல்லாயிரம் மணி நேரம் ஓடிய சீகேட் ஹார்டு டிஸ்க்குகளைக் கணக்கைப் பூஜ்யமாக்கிப் புதியவை என்று விற்றது அம்பலமானது. டிஸ்க்குக்குள் தனியாக எழுதப்படும் ஃபார்ம் என்ற பதிவுதான் காட்டிக்கொடுத்தது.

கடையிலேயே செய்ய வேண்டிய ஒன்றை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். மெஷினை முழுதாக ரீசெட் செய்து, வைஃபை இணைத்து, முதல் திரையிலிருந்து ஆரம்பியுங்கள். ஏதோ ஒரு கம்பெனியின் பெயரோடு அலுவலக லாகின் கேட்டால், அது அந்தக் கம்பெனியின் கணக்கிலிருந்து இன்னும் விடுவிக்கப்படவில்லை. மேக்புக்கில் பழைய உரிமையாளரின் ஆப்பிள் ஐடி கேட்டாலும் அதே கதைதான். எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

அப்படியானால் எது எத்தனை வருஷம் தாங்கும்? 2009-இல் ஸ்கொயர்டிரேட் என்ற அமெரிக்க வாரண்டி நிறுவனம் 30,000-க்கு மேற்பட்ட புது லேப்டாப்களைக் கணக்கெடுத்தது. மூன்று வருடத்தில் 31 சதவீதம் பழுது; அதில் 20.4 தானாக வந்த கோளாறு, 10.6 கீழே போட்டது, தண்ணீர் கொட்டியது போன்றவை. ஹார்டு டிஸ்க்குக்கு ஆன்லைன் சேமிப்பு நிறுவனமான பேக்பிளேஸ் 2013-இல் வெளியிட்ட கணக்கு: முதல் ஒன்றரை வருடம் ஆண்டுக்கு 5.1 சதவீதம் பழுது, அடுத்த ஒன்றரை வருடம் 1.4, மூன்று வருடம் தாண்டினால் 11.8. கம்பெனிகளில் மூன்று வருட லீஸ் முடிந்து மொத்தமாக லாட்டில் வருகிற மெஷின் எந்தக் கட்டத்தில் உங்கள் கைக்கு வருகிறது என்று பாருங்கள்.

அனுபவத்தில், நல்ல எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி) உள்ள டெஸ்க்டாப்தான் அதிகம் உழைக்கும். எட்டுப் பத்து வருடம் சாதாரணம், எந்தப் பாகம் போனாலும் தனியாக மாற்றலாம். இதற்கும் விதிவிலக்கு உண்டு: 2003 மே முதல் 2005 ஜூலை வரை டெல் அனுப்பிய ஆப்டிபிளெக்ஸ் மெஷின்களில் கெப்பாசிட்டர் கசிந்து பெருமளவில் செத்தன. இப்போது பழைய டெஸ்க்டாப் வாங்குபவர்கள் இன்டெல் 13, 14-வது தலைமுறை ஐ7, ஐ9 வகைகளில் கவனமாக இருங்கள். அதிக வோல்டேஜால் பிராசஸர் சேதமாகும் கோளாறை இன்டெல் 2024-இல் ஒப்புக்கொண்டு வாரண்டியை இரண்டு வருடம் நீட்டியது. பயாஸ் அப்டேட் போட்டாலும் ஏற்கெனவே ஏற்பட்ட சேதம் திரும்பாது. கம்பெனி ரக லேப்டாப் ஆறேழு வருடம் தாங்கும். வீட்டு ரக லேப்டாப்பில் போர்டுக்கு முன்னால் ஹின்ஜ் உடையும்: பிளாஸ்டிக்கில் பதித்த பித்தளை நட்டுகள் பிய்ந்து, திறக்கும்போது ஸ்கிரீனையும் சேர்த்து விரிசல் விடும். வாங்கும்முன் மூடியை இருபது முறை மெதுவாகத் திறந்து மூடி, ஓரம் பிளக்கிறதா என்று பாருங்கள். ஈஎம்எம்சி என்ற சேமிப்புச் சிப்பைப் போர்டிலேயே பற்றவைத்த மலிவு லேப்டாப்பை செகண்ட் ஹேண்டில் வாங்கவே கூடாது. அந்தச் சேமிப்பு போனால் மெஷினே போச்சு. குரோம்புக்குக்கு அப்டேட் முடியும் தேதி, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல, அந்த மாடலின் ஹார்டுவேர் தளம் வெளியான நாளிலிருந்து எண்ணப்படுகிறது. செட்டிங்ஸில் அந்தத் தேதி இருக்கும்.

அந்த அப்பாவின் கையில் இருந்த பில்லில் "லேப்டாப் - 1, ₹24,000" என்று மட்டும் இருந்தது. ஜிஎஸ்டி எண் இல்லை, சீரியல் நம்பர் இல்லை, வாரண்டி வாய்ச்சொல். "இது எங்க மெஷினே இல்ல" என்று கடையில் சொல்ல அது போதுமானதாக இருந்தது. பில்லில் சர்வீஸ் டேக், பிராசஸர் எண், ராம், எஸ்எஸ்டி மாடல், பேட்டரி ஒரிஜினலா காப்பியா, எத்தனை மாத வாரண்டி, அதில் பேட்டரியும் போர்டும் அடங்குமா என்று எழுதி, கடை முத்திரையோடு வாங்குங்கள். அப்படி ஒரு பில் இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரை மனுக் கட்டணம் கிடையாது. எழுதித் தர மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம்.