படிக்கும் பொத்தானும் அழிக்கும் பொத்தானும்: பைக் ஸ்கேனருடன் மூன்றாண்டுகள்

பைக்குகளின் பிழைக்குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனர் ஒன்றின் விலை ஏறத்தாழப் பாதியாக இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று ஓசூரில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் கேட்டார். அதே கருவியைப் பெங்களூரில் மூன்றாண்டுகளுக்கு மேலாக வைத்திருப்பவன் என்ற முறையில் நான் ஒரே வரியில் பதில் சொல்லியிருக்க வேண்டும். அது முடியாமல் போனதற்குக் காரணம், கருவியின் மீது எனக்குள்ள மதிப்புக்கும் அதிலுள்ள ஒரேயொரு பொத்தானின் மீது எனக்குள்ள கோபத்துக்கும் இன்றுவரை சமரசம் ஏற்படாததுதான்.

கருவியின் விவரங்களை அவர் ஏற்கெனவே படித்துவிட்டார் என்பதால் அவற்றை நீட்டவில்லை. கையில் அடங்கும் பெட்டி, சிறிய திரை, கார்களுக்கான 16 பின் கனெக்டர், அதைப் பைக்கின் 6 பின் கனெக்டரோடு இணைக்கத் தனியாக வாங்க வேண்டிய கேபிள், அவ்வளவுதான். என் வண்டி 2021ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஒற்றை சிலிண்டர், கூலன்ட் உள்ள எஞ்சின். பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது இருசக்கர வாகனங்களுக்கும் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் ஓ.பி.டி. அமைப்பு கட்டாயமாயிற்று. அதற்கு முந்தைய பல ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் நிறுவனத்துக்கு ஒரு கனெக்டர் இருந்தது. எஞ்சின் விளக்கின் நீண்ட மினுக்கையும் குறுகிய மினுக்கையும் எண்ணிக் குறியீட்டைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இப்போது சீட்டைக் கழற்றினால் பெரும்பாலான புதிய வண்டிகளில் ஐ.எஸ்.ஓ. 19689 தரத்திலான 6 பின் கனெக்டர் கிடைக்கிறது. இந்த ஒரு முன்னேற்றத்துக்காகவே விதி எழுதியவர்களுக்கு நன்றி சொல்லலாம்.

ஆனால் முதற்கட்ட ஓ.பி.டி. வண்டிகளில் இந்த அமைப்பு பார்ப்பது பெரும்பாலும் மின்சுற்றை மட்டுமே என்பதை வாங்குபவர் முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். பி0122 என்று திரையில் வந்தால், ஆக்சிலரேட்டரைத் திருகும்போது த்ராட்டில் வால்வு எவ்வளவு திறக்கிறது என்று அளக்கும் த்ராட்டில் சென்சார் கெட்டுவிட்டது என்று பொருளில்லை. அந்த சென்சாரின் சுற்றிலிருந்து வரும் மின்னழுத்தம் இருக்க வேண்டியதைவிடக் குறைவாக இருந்ததை, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யு. ஒரு தருணத்தில் கண்டது என்று மட்டுமே பொருள். அந்த சென்சாருக்கு மூன்று ஒயர்கள் உண்டு: 5 வோல்ட் தருவது ஒன்று, தரை இணைப்பு ஒன்று, சிக்னலைக் கொண்டுவருவது ஒன்று. 5 வோல்ட் ஒயர் அறுந்தாலும், சிக்னல் ஒயர் தோல் உரிந்து சேசிஸைத் தொட்டாலும் இதே பி0122தான் வரும். தரை ஒயர் அறுந்தாலோ மின்னழுத்தம் மேலே ஏறி பி0123 வரும். ஆக, ஒரே சென்சாரைப் பற்றிய இரு குறியீடுகளும் எந்த ஒயரை முதலில் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகின்றன. இந்த அழகை நான் எத்தனை முறை விளக்கினாலும், குறியீட்டின் பெயரில் எந்தப் பாகம் இருக்கிறதோ அதை மாற்றுவதே பழுதுபார்ப்பு என்ற நம்பிக்கை மட்டும் ஊரில் அசைவதாகத் தெரியவில்லை.

என் வண்டிக்கு நடந்ததும் இதுதான். சில்க் போர்டு சந்திப்பை நெருங்கும்போது, அதாவது வண்டி நகர்வதைவிட நிற்பதே அதிகமாக இருக்கும் இடத்தில், எஞ்சின் விளக்கு எரிந்து வண்டி திணறியது. அடுத்த நாள் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனபோது, அங்கிருந்த இளைஞர் தம்முடைய ஸ்கேனரை இணைத்து, திரையை நான் பார்ப்பதற்குள் அழிக்கும் பொத்தானை அழுத்திவிட்டு, “சார், கோட் எரேஸ் பண்ணிட்டேன், இனிமே வராது” என்றார். வந்தது. இரண்டாவது முறையும் அதே சடங்கு நடந்தது. மூன்றாவது முறை, த்ராட்டில் சென்சார் தனியாகக் கிடைக்காது, அது பொருத்தப்பட்டிருக்கும் த்ராட்டில் பாடியையே மாற்ற வேண்டும் என்று ஒரு மதிப்பீடு கையில் தரப்பட்டது. அந்தத் தொகையில் இந்த ஸ்கேனரைப் பலமுறை வாங்கலாம். ஒன்று வாங்கினேன்.

வாங்கிய பின் விளக்கு மறுபடியும் எரிந்தபோது, குறியீட்டைவிட எனக்கு உதவியது ஃபிரீஸ் ஃபிரேம் என்னும் பதிவு. பிழை பதிவான அந்த நொடியில் எஞ்சின் எத்தனை சுற்றில் ஓடியது, வேகம் என்ன, கூலன்ட் வெப்பம் என்ன என்பவற்றை இ.சி.யு. அப்படியே குறித்து வைத்துக்கொள்கிறது. அதன்படி வண்டி நன்றாகச் சூடேறி, ஆக்சிலரேட்டரைத் திருகாதபோது ஓடும் ஐடில் சுற்றில், நடக்கும் வேகத்துக்கும் கீழே நகர்ந்துகொண்டிருந்தது. நெடுஞ்சாலையில் ஒருபோதும் வராத பிழை, ஒற்றை சிலிண்டர் எஞ்சின் மிக அதிகமாகக் குலுங்கும் தாழ்ந்த சுற்றில் மட்டும் வருகிறது என்றால், சந்தேகிக்க வேண்டியது சென்சாரையா, குலுக்கத்தில் உரசும் ஒயரையா? சாவியைப் போட்டு, எஞ்சினை ஓட்டாமல், திரையில் த்ராட்டிலின் நேரடி அளவை வைத்துக்கொண்டு ஒயர்க் கட்டைப் பகுதி பகுதியாக அசைத்துப் பார்த்தோம். டேங்குக்கு அடியில், ஒயர்க் கட்டு சேசிஸின் ஓர் இரும்புப் பட்டையை ஒட்டிச் செல்லும் இடத்தைத் தொட்டதும் எண் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தது. உரித்துப் பார்த்தால் சிக்னல் ஒயரின் தோல் நகக்கண் அளவுக்குத் தேய்ந்திருந்தது. அல்சூரில் கடை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணன் அதைச் சரிசெய்து, மேலே உறையிட்டு, கட்டைப் பட்டையிலிருந்து விலக்கிக் கட்டிக் கொடுத்ததற்கு வாங்கிய கூலி, அந்த மதிப்பீட்டில் இருந்த வரித் தொகைக்குக்கூட வராது.

இப்போது கோபத்துக்கு வருகிறேன். அந்த ஃபிரீஸ் ஃபிரேம் பதிவு முதல் முறையே இருந்திருக்க வேண்டும். குறியீட்டை அழிக்கும் கட்டளை குறியீட்டை மட்டும் அழிப்பதில்லை. அதனோடு சேர்ந்த ஃபிரீஸ் ஃபிரேமையும் துடைத்துவிடுகிறது. சில வண்டிகளில் ஐடிலுக்காகவும் எரிபொருளுக்காகவும் இ.சி.யு. கற்று வைத்திருந்த திருத்தங்களும் போய்விடுகின்றன. அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் ஐடில் ஏறி இறங்குவதைப் பார்த்து வாடிக்கையாளர் புதிதாக ஒரு கவலையோடு திரும்பி வருகிறார். நோயாளி வாய் திறப்பதற்குள் அவர் கொண்டுவந்த பழைய சீட்டுகளைக் கிழித்துப் போடும் மருத்துவரை எவரும் ஏற்கமாட்டார்கள். பைக் விஷயத்தில் அதற்குப் பெயர் இலவச செக்கப். இத்தனைக்கும் பழுது உண்மையிலேயே நீங்கிவிட்டால், பிழை மீண்டும் வராமல் சில ஓட்டச் சுழற்சிகள் (எஞ்சினை இயக்கி, ஓட்டி, அணைப்பது ஒரு சுழற்சி), பொதுவாக மூன்று, கடந்ததும் விளக்கு தானாகவே அணைந்துவிடும். அணையவில்லை என்றால் பழுது நீங்கவில்லை. விளக்கை அணைக்கும் அவசரம் வண்டிக்கு இல்லை. வண்டியை மாலைக்குள் வெளியே தள்ள நினைப்பவருக்குத்தான் இருக்கிறது.

என் கருவியை வடிவமைத்தவர்களும் இந்த அவசரத்துக்கே துணை போயிருக்கிறார்கள். படிப்பதற்கும் அழிப்பதற்கும் இரண்டு பொத்தான்கள் அடுத்தடுத்து, ஒரே அளவில், ஒரே நிறத்தில் இருக்கின்றன. அழுத்தினால் ‘உறுதியா’ என்ற கேள்விகூட இல்லை. ஃபிரீஸ் ஃபிரேமுக்கோ நான்கு பட்டியல்களைத் தாண்டி உள்ளே போக வேண்டும். அதைச் சேமித்து வைக்கவும் வழியில்லை, போனில் திரையைப் படமெடுத்துக்கொள்ள வேண்டியதுதான். மூன்றாண்டுகளில் மென்பொருள் மேம்பாடுகள் வந்தன, மெனுவின் வண்ணம் மாறியது, வரவேற்புத் திரையில் புதிய படம் வந்தது. இந்தப் பொத்தான் மட்டும் அப்படியே இருக்கிறது.

நியாயம் தவறக் கூடாது என்பதால், எதிர்பாராமல் கிடைத்த ஒரு மகிழ்ச்சியையும் சொல்ல வேண்டும். சாவியைப் போட்டு எஞ்சினை ஓட்டாமல் இருக்கும்போது, எஞ்சினுக்குள் செல்லும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் காட்டுவது அந்த ஊரின் காற்றழுத்தத்தையே. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே அது 91 கிலோபாஸ்கலை ஒட்டிக் காட்டும்; சென்னையில் அதே வண்டி, அதே சென்சார் 101ஐ ஒட்டிக் காட்டும். கிருஷ்ணகிரிச் சாலையில் இறங்கும்போது வழியில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் எண் மெல்ல ஏறுவது தெரிகிறது. பின்னால் அமர்ந்திருந்த மனைவிக்கு முதல் நிறுத்தத்தில் வியப்பு; மூன்றாவது நிறுத்தத்தில் அது வேறொன்றாக மாறிவிட்டது. ஆனாலும் இது வெறும் விளையாட்டு அல்ல. செலவே இல்லாமல் ஒரு சென்சாரின் நேர்மையைச் சோதிக்க இதைவிட எளிய வழி இல்லை: நின்றிருக்கும்போது ஊரின் அழுத்தம், எஞ்சின் ஓடத் தொடங்கியதும் சட்டென்ற சரிவு, த்ராட்டிலைத் திறந்தால் மறுபடியும் ஏற்றம். 101 காட்டினால்தான் சரி என்று கடலோர ஊர்க்காரர் யாரோ சொன்னதைக் கேட்டு, இங்கே 91 காட்டும் நல்ல சென்சாரைச் சந்தேகிப்பவர்களுக்கு இதை அவசியம் சொல்லுங்கள்.

வெப்ப சென்சாரிலும் இப்படியொரு எளிய சோதனை உண்டு. கூலன்ட் சென்சாரின் கனெக்டரைக் கழற்றினால் திரை உறைபனிக்கும் கீழே, வழக்கமாக மைனஸ் 40 டிகிரியைக் காட்டும். பி0118 வரும்போது இ.சி.யு. காண்பதும் அதே அறுந்த சுற்றைத்தான். கழற்றிய கனெக்டரின் இரு முனைகளையும் ஒரு சிறு ஒயரால் இணைத்தால் எண் உச்சிக்குத் தாவ வேண்டும். தாவினால் ஒயரும் இ.சி.யு.வும் நலம், சென்சாரைப் பாருங்கள். தாவாவிட்டால் புதிய சென்சார் வாங்க உதிரிபாகக் கடைகள் உள்ள ஜே.சி. ரோட்டுக்குப் போவது வீண். இந்தச் சோதனையை இந்த இரண்டு ஒயர் சென்சாரில் மட்டுமே செய்ய வேண்டும்; 5 வோல்ட் வரும் மூன்று ஒயர் சென்சார்களில் கைபோன போக்கில் முனைகளை இணைக்கக் கூடாது.

ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத குறியீடுகள் கூட்டமாக வந்தால் ஒவ்வொன்றாகத் துரத்த வேண்டாம். த்ராட்டிலுக்கான பி0122வும் மேப் சென்சாருக்கான பி0107வும் சேர்ந்து வந்தால் இரண்டு சென்சார்களும் ஒரே நாளில் இறந்திருக்க வாய்ப்புக் குறைவு; இரண்டும் பகிர்ந்துகொள்ளும் 5 வோல்ட் ஊட்டத்தைப் பார்க்க வேண்டும். அவற்றோடு, வண்டியின் மின்னழுத்தமே குறைவு என்னும் பி0562வும் இருந்தால் முதலில் பேட்டரி முனைகள், தரை இணைப்பு, பிறகு சார்ஜிங். நின்றிருக்கும்போது 12.6 வோல்ட்டை ஒட்டியும், ஓடும்போது ஏறத்தாழ 14ஐ ஒட்டியும் இல்லாத வண்டியில் மற்றக் குறியீடுகளைப் படிப்பதே நேர விரயம்.

கேபிளைப் பற்றி ஒரு வார்த்தை. நான் முதலில் வாங்கிய 6 பின் கேபிள் ஓராண்டுக்குள் தளர்ந்துவிட்டது. இரண்டாவது நன்றாக இருக்கிறது. போனோடு புளூடூத்தில் இணையும் மலிவான ஸ்கேனர்களை, அதாவது இ.எல்.எம்.327 என்னும் சிப்பின் நகல்களை, நண்பர்கள் சிலர் வைத்திருக்கிறார்கள். கேன் என்னும் புதிய தகவல் இணைப்பு வழியாக ஸ்கேனரோடு பேசும் வண்டிகளில் அவை ஓரளவு வேலை செய்கின்றன, கே-லைன் என்னும் பழைய இணைப்பு வழியாகப் பேசும் வண்டிகளில் பல நகல்கள் இணைவதே இல்லை. ஏ.பி.எஸ். குறியீடுகளைப் பெரும்பாலான பொதுக் கருவிகள் படிப்பதில்லை, என்னுடையதும் படிப்பதில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு நண்பருக்கு நான் கொடுத்த பதில், வாங்க வேண்டாம் என்பதுதான். ஸ்கேனர் பழுதின் திசையைக் காட்டுகிறது. பழுதைக் கண்டுபிடித்தது ஒயரை அசைத்த கையும், பிறகு அதை உறுதிசெய்த மல்டிமீட்டரும். வீட்டில் மல்டிமீட்டர் இல்லாதவர் முதலில் அதை வாங்கி, பேட்டரி மின்னழுத்தத்தையும் ஒரு ஒயரின் தொடர்ச்சியையும் அளக்கப் பழகட்டும். வருடத்துக்கு ஒருமுறை விளக்கு எரிவதற்காக ஸ்கேனர் வாங்குகிறவர் விளக்கை அணைப்பதற்கு மட்டுமே அதைப் பயன்படுத்துவார்; அந்த வேலையை சர்வீஸ் சென்டர் இலவசமாகவே செய்கிறது. “அப்படியானால் உங்களுடையதை எனக்குக் கொடுத்துவிடுங்கள்” என்றார். கொடுக்க மாட்டேன்.

இதற்குப் பிறகும் வாங்குகிறவர்கள் மூன்றைக் கடையிலேயே, தம் வண்டியில் இணைத்தே பார்த்துவிட வேண்டும்: நேரடி அளவுகள் தாமதமின்றி மாறுகின்றனவா, ஃபிரீஸ் ஃபிரேம் வருகிறதா, அழிப்பதற்கு முன் கருவி ஒருமுறையாவது கேட்கிறதா. கடைசிக் கேள்விக்கு விடை ‘இல்லை’ என்றால், அந்தப் பொத்தானின் மேல் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப்பை ஒட்டிக்கொள்ளுங்கள். என்னுடையதில் கறுப்பு டேப் ஒட்டியிருக்கிறேன். சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோகும் நாட்களில் சீட்டுக்கு அடியிலுள்ள 6 பின் கனெக்டரின் மூடிக்கும் ஒரு சுற்றுப் போடுகிறேன்.