ஃப்ரீ டிக்கெட்டும் முக்கால் கிலோமீட்டரும்

தஞ்சாவூர் டவுன் பஸ்ஸில் பதினோரு வருஷமாகப் போய் வருகிறேன். திருவையாறு ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, வெட்டாற்றங்கரையில் எங்கள் ஊர். காந்திஜி சாலையில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குச் சாதாரண டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை.

முதலில் காசுக் கணக்கு. போக வர 24 ரூபாய், மாதம் 26 நாள். மிச்சம் 624. மகளின் டியூஷனுக்குச் சரியாகப் போகிறது.

காசைவிடப் பெரிதாகத் தெரிந்தது இன்னொன்று. நடவுக்குப் போகும் எங்கள் காலனிப் பெண்கள் முன்பெல்லாம் ஆஸ்பத்திரி என்றால்தான் பஸ் ஏறுவார்கள். இப்போது சும்மா பெரிய கோயிலுக்குக்கூடக் கிளம்புகிறார்கள். ஊர்த்தெரு அக்காக்களுக்கும் அதே பஸ்தான். அங்கிருந்து வரும் ஒரு ஆச்சி, நான் பக்கத்தில் உட்கார்ந்தால் முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்வார். இரண்டாம் வருஷம் வெற்றிலை மடித்துக் கொடுத்தார். டிக்கெட் எடுத்த ஆண்கள், "சும்மாதானே வர்றீங்க, சீட் வேறயா?" என்று முனகும்போது ஆச்சியும் நானும் ஒரே கட்சி.

இறங்கியதும் கட்சி பிரிந்துவிடும். பஸ் பிள்ளையார் கோயிலடியிலேயே திரும்பிவிடுகிறது. காலனிக்கு மதகைத் தாண்டி முக்கால் கிலோமீட்டர் நடை. தார் ரோடு இருக்கிறது. நெல் லாரி வருகிறது, அறுவடை மெஷின் வருகிறது. பஸ் திரும்ப மட்டும் இடம் இல்லையாம். ஊர்ப் பெரியவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள்.

பஸ்ஸுக்கு ஏது சாதி என்பவர்களுக்கு ஒன்று. 1997இல் விருதுநகர்ப் பக்கம் புதுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். தலித் வீரர் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று கலவரமே நடந்தது. கடைசியில் தமிழ்நாடு முழுக்க எல்லாக் கழகங்களின் பெயரையும் எடுத்துவிட்டார்கள். எங்கள் பக்கத்து பஸ்களில் இருந்த 'சோழன்' போனதும் அப்போதுதான்.

அப்புறம் ராத்திரி. சில நாள் கடை மூட ஒன்பதரை ஆகும். எங்கள் பக்கம் கடைசி பஸ் ஒன்பதுக்கே போய்விடும். மெடிக்கல் காலேஜ் ரோட்டில் இருக்கும் எங்கள் கணக்குப்பிள்ளைக்குப் பத்து மணிக்கும் பஸ் உண்டு. அவர் ஏறுவதில்லை, ஸ்கூட்டர் வைத்திருக்கிறார். எனக்கு ஷேர் ஆட்டோ, 40 ரூபாய். தீபாவளி மாதத்தில் அந்த 624 இதிலேயே கரைந்துவிடும்.

2025 ஜூனில் புது மினி பஸ் திட்டத்தைத் தஞ்சாவூரில்தான் தொடங்கினார்கள். எங்கள் மதகுக்கு அது இன்னும் வரவில்லை. மழைக்காலத்தில் மதகடியில் ஒரே சேறு. கடையில் தனியாக ஒரு ஜோடி செருப்பு வைத்திருக்கிறேன்.