கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர்: ஹம்முக்கு மட்டும் வாங்குங்க

பல்லடம் பக்கம் நம்மூருல தறிச்சத்தம் பழகிப்போச்சுங்க, அது காதுலயே ஏறாது. ஆனா கம்ப்யூட்டரை ஆம்ப்ளிஃபயர்ல மாட்டுனா பாட்டு எதுவும் போடாமயே ஒரே சுதியில ம்ம்ம்ம்னு ஹம்மு ஓடிட்டிருக்கும் பாருங்க, அதைத் தாங்க முடியல. பாக்க வந்த சர்வீஸ்காரர் சவுண்டு கார்டு போச்சுங்க, புதுசு போட்டுக்கோணும்னு சொல்லிப்போட்டுப் போய்ட்டாரு. நானு அதை வாங்காம கோயமுத்தூர் காந்திபுரத்துல ஒரு கடையில 300 ரூவாய்க்குள்ள கெடைச்ச கிரவுண்ட் லூப் ஐசோலேட்டரை வாங்கி மாட்டுனேன், இப்ப கம்முனு கெடக்குது.

சவுண்டு கார்டு மேல எனக்கு சந்தேகமே வரல, ஏன்னா அதே கம்ப்யூட்டர்ல ஹெட்போன் மாட்டிக் கேட்டா சுத்தமா இருக்குது, சார்ஜர் போடாம போனை ஆம்ப்ளிஃபயர்ல மாட்டுனாலும் சுத்தமா இருக்குது, ரெண்டையும் ஒட்டுக்காச் சேத்தாத்தான் ஹம்மு வருது. அப்பறம் செட்டாப் பாக்ஸுல இருந்து கேபிள் ஒயரைக் கழட்டுனேன், சத்தம் டக்குனு நின்னுபோச்சு. கேபிள் ஒயரோட கிரவுண்டு ஒரு பக்கம், ஆம்ப்ளிஃபயரோட மூணு பின் பிளக்குல வர்ற எர்த்து இன்னொரு பக்கம், செட்டாப் பாக்ஸு, டிவி, ஹெச்டிஎம்ஐ, கம்ப்யூட்டர்னு சுத்தி வந்து ஆடியோ ஒயர்ல ரெண்டும் சேந்துக்குது, இந்த வளையம்தான் கிரவுண்ட் லூப். ரெண்டுக்கும் நடுவுல வோல்டேஜ் துளி வித்தியாசம் இருந்தாப் போதும், லைன் கரண்டோட 50 ஹெர்ட்ஸும் அதோட மடங்கு 100ம் ஸ்பீக்கர்ல வந்துரும். புதுசா யூஎஸ்பி சவுண்டு கார்டே குத்தியிருந்தாலும் கிரவுண்டு அதேதானுங்களே, காசுதான் போயிருக்கும்.

ஐசோலேட்டருக்குள்ள ரெண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர், லெஃப்டுக்கு ஒண்ணு ரைட்டுக்கு ஒண்ணு. சத்தம் காந்தம் வழியாத் தாண்டிப் போகுது, கிரவுண்டு ஒயர் அத்துப்போகுது, அவ்வளவுதான். கரண்டும் வேண்டாம், டிரைவர் சாஃப்ட்வேரும் வேண்டாம். குறைன்னா பேஸ்ஸுதான், ஊர் நோம்பியில எடுத்த ஜமாப் மேள வீடியோவைப் போட்டுப் பாத்தேன், அந்த அடி வயித்துல விழுகற கனம் கொஞ்சம் கம்மியாத்தான் இருக்குது. கம்ப்யூட்டர்ல வால்யூமை முழுசா ஏத்துனா பேஸ் சத்தம் கரகரங்குது, அதைக் கொறைச்சு ஆம்ப்ளிஃபயர்ல ஏத்திக்கிட்டா சரியாயிருது. நெயமாப் பாட்டுக் கேக்கறவங்க கம்ப்யூட்டர் மதர்போர்டுல ஆப்டிக்கல் அவுட் இருந்தா, ஆம்ப்ளிஃபயரும் அதை வாங்குச்சுன்னா அதுல போங்க, அதுல போறது வெறும் வெளிச்சம், கிரவுண்டே கெடையாது.

ஆனா எல்லா எரைச்சலுக்கும் இதையே வாங்கிராதீங்க. மவுஸை நகத்துனா ஹெட்போன்ல கீச்சுனு கேட்டா அது கேபினெட்டுக்குள்ள இருந்து வர்றது, முன்னாடி இருக்கற ஓட்டையை உட்டுப்போட்டுப் பின்னாடி பச்சை ஓட்டையில மாட்டிப் பாருங்க, அப்பவும் கேட்டா யூஎஸ்பி கார்டு நல்லது. பட்பட்னு விட்டு விட்டு வந்தா டிரைவர் பக்கம் பாருங்க. மைக்குல உஸ்ஸுனு வந்தா கம்ப்யூட்டர் சவுண்டு செட்டிங்ல மைக் பூஸ்ட்டு 30 டெசிபெல்ல நிக்குதான்னு பாத்துக் கொறைங்க. அந்த மைக்குக்கு நடுவுல ஐசோலேட்டரை மாட்டுனா மைக்கே வேலை செய்யாது, அதுக்குப் போற சின்ன வோல்டேஜு டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டாது.

எர்த்து பின்னை ஒடச்சுப்போட்டா ஹம்மு போயிரும்னு ஒரு நாயம் சொல்லுவாங்க. போகும்தான், ஆனா அப்பறம் கேபினெட்டைத் தொட்டா சுருக்குங்கும், ஏன்னா பவர் சப்ளை ஃபில்டர்ல கசியற கரண்டு போறதுக்கு வழியில்லாம பாடியிலயே நிக்கும். எதாச்சும் ஷார்ட் ஆச்சுன்னா ஆளுக்கே ஆபத்து. இப்பவே அப்படி சுருக்குங்குதுன்னா ஐசோலேட்டர் இருக்கட்டும், மொதல்ல எலக்ட்ரீசியனைக் கூப்புடுங்க, வேனக்காலத்துல எர்த்து குழி காஞ்சு கெடந்தாத் தண்ணி ஊத்தோணும்.

வாங்கறப்ப ஆம்ப்ளிஃபயர் பின்னாடி செவப்பும் வெள்ளையுமா இருக்கற ஆர்சிஏ ஓட்டையா, ஹெட்போன் மாட்டற மாதிரி 3.5 எம்எம் ஓட்டையான்னு பாத்துட்டுப் போங்க. ரெண்டு மாடலும் இருக்குது, கடைக்காரர் கைக்கு வந்ததை எடுத்துக் குடுத்துருவாரு.