டேப் எடுத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போனோம்: பழைய சிஆர்-விக்குப் பதிலாக வந்த ஹைபிரிட்

ஹோண்டா சிஆர்-வியின் இரண்டாம் தலைமுறையை வைத்திருந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். என்ஜினைப் பற்றி ஒரு வார்த்தை வருவதற்குள் மேசையைப் பற்றி ஆரம்பித்துவிடுவார்கள். டிக்கியின் தரைப்பலகையைத் தூக்கி, அடியில் மடங்கிக் கிடக்கும் கால்களை விரித்தால் அதுவே ஒரு மடக்கு மேசை. பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னி, கதவைத் திறக்காமல் தனியாகத் திறந்துகொள்ளும் பின்கண்ணாடி, நடுவில் மேடு இல்லாத தட்டையான தரை. 2001இல் வந்த வடிவமைப்பு அது. எங்கள் வீட்டில் பல வருஷம் உழைத்ததும் அதுதான்.

என்ஜின் கடைசிவரை ஒரு குறையும் வைக்கவில்லை. டைமிங் பெல்ட் கிடையாது, செயின். ஆயிலை ஒழுங்காக மாற்றினால் போதும். ஆனால் வயதான வண்டியில் முதலில் போவது ரப்பர்தான். சஸ்பென்ஷன் புஷ், கதவு பீடிங், என்ஜின் மவுண்ட் எல்லாம் வரிசையாகக் கேட்க ஆரம்பிக்கும். சின்னச் சின்ன பாகத்துக்கும் காத்திருக்க வேண்டிவரும். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டு இன்னும் கொஞ்ச காலம் ஓட்டியிருப்பேன். மாற்றியே ஆக வேண்டும் என்று முடிவெடுக்க வைத்தது மகள். அவள் ஓட்டக் கற்றுக்கொண்டாள். எங்கள் வண்டியில் ஈஎஸ்சி இல்லை, பக்கவாட்டுத் திரை ஏர்பேக் இல்லை. ஈஎஸ்சி என்பது வளைவில் வண்டி வழுக்கும்போது ஏதாவது ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் பிடித்து நேராக்கும் ஏற்பாடு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பரிலிருந்து விற்கும் எல்லாப் புதுக் காரிலும் அது கட்டாயம். நான் ஓட்டும்வரை இதெல்லாம் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. மழைநாளில் அவள் சாவியை எடுத்தபோது தெரிந்தது.

மாற்று தேட ஆரம்பித்ததும் முதலில் புரிந்தது, அதே வண்டியின் புது வடிவம் என்று ஒன்று எங்கும் இல்லை என்பது. சிஆர்-வியே 2006இல் மூன்றாம் தலைமுறைக்குப் போனபோது ஸ்டெப்னியைக் கதவிலிருந்து இறக்கி அடியில் போட்டுவிட்டது. பக்கவாட்டில் திறக்கும் கதவு மேல்நோக்கித் திறக்கும் கதவானது. டொயோட்டா ராவ்4 கொஞ்ச காலம் தாக்குப்பிடித்து, 2012இல் வந்த நான்காம் தலைமுறையில் அதே வழிக்கு வந்தது. இந்த வகை வண்டிகள் எல்லாமே அகலமாகின, கண்ணாடிகள் சின்னதாகின, டயர்களின் பக்கச்சுவர் குட்டையானது. பெயரை வைத்துத் தேடினால் ஏமாற்றம்தான்.

அதனால் வேறு மாதிரி யோசித்தோம். பழைய வண்டியில் எதெல்லாம் பிடித்தது என்று எழுதாமல், அதை வைத்து என்னவெல்லாம் செய்கிறோம் என்று எழுதினோம். அம்மாவை ஏற்றி இறக்குகிறோம். மனைவியின் கீபோர்டுப் பெட்டியைக் கிடத்துகிறோம். குழி விழுந்த ரோட்டில் வேகத்தைக் குறைக்காமல் போகிறோம். நெருக்கமான இடத்தில் ரிவர்ஸ் எடுக்கிறோம். இவை ஒவ்வொன்றுக்கும் பின்னால் டேப்பால் அளக்கக்கூடிய ஒரு அளவு இருக்கிறது. பழைய வண்டியில் அந்த அளவுகளை எடுத்து ஒரு தாளில் குறித்துக்கொண்டு ஷோரூம்களுக்குப் போனோம்.

அம்மாவிடமிருந்து தொடங்கினோம். முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள் காரில் ஏறுவதைக் கவனித்தால் ஒன்று தெரியும். காலை முதலில் உள்ளே வைக்க மாட்டார்கள். முதுகைக் காட்டித் திரும்பி, சீட் விளிம்பில் உட்கார்ந்து, பிறகு இரண்டு கால்களையும் சேர்த்து உள்ளே இழுப்பார்கள். சீட் தாழ்வாக இருந்தால் தொப்பென்று விழ வேண்டும், உயரமாக இருந்தால் எக்க வேண்டும். அம்மாவுக்கு எந்த உயரம் சரி என்று பழைய சீட்டே சொல்லிவிட்டது. தரையிலிருந்து சீட் விளிம்புவரை அளந்தால் போதும். அதோடு கதவுக்குக் கீழே உள்ள படி எவ்வளவு அகலம் என்றும் பாருங்கள். அதை யாரும் சொல்வதில்லை. படி அகலமாக இருந்தால் சீட் உயரம் சரியாக இருந்தும் கெண்டைக்கால் அதில் உரசும், மழைக்காலத்தில் புடவையெல்லாம் சேறு. ஒரு வண்டியை அம்மா இந்த ஒரே காரணத்துக்காக நிராகரித்தார். "நல்லாத்தான் இருக்குப்பா, ஆனா ஒவ்வொரு தடவையும் இதைத் துடைச்சிட்டுத்தான் நான் இறங்கணும்" என்றார். அதற்குமேல் அந்த வண்டியின் பிக்கப்பைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

அடுத்தது டயர். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பழைய வண்டி குழியில் மெத்தென்று இறங்கி ஏறுகிறது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் சஸ்பென்ஷனைப் பாராட்டுகிறார்கள். பாதிப் பாராட்டு டயருக்குப் போக வேண்டும். எங்கள் சிஆர்-வியில் இருந்தது 205/70 ஆர்15. 205 மில்லிமீட்டர் அகலம், அதில் 70 சதவீதம் பக்கச்சுவரின் உயரம். அதாவது ஏறக்குறைய 143 மில்லிமீட்டர் ரப்பரும் காற்றும் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் நிற்கின்றன. இன்றைய உயர் வேரியன்ட்களில் 235/55 ஆர்19 சாதாரணம். கணக்குப் போட்டால் 129தான். பார்க்க அழகு, ஆனால் குழியின் விளிம்பில் இடித்தால் ரிம் முதலில் அடி வாங்கும், டயர் விலையும் அதிகம். அதே வண்டியின் கீழ் வேரியன்ட்டில் 225/65 ஆர்17 வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கச்சுவர் 146. பழைய வண்டியைவிடவும் ஒரு பொட்டு கூடுதல். கூடுதல் பணம் கொடுத்தால் சொகுசு குறைகிறது என்பதை எந்த விளம்பரத் தாளிலும் அச்சடிக்க மாட்டார்கள்.

ஒரு ஷோரூமில் இதைச் சொன்னதும் விற்பனைப் பையன் சிரித்தான். "சார், 17 இன்ச் எல்லாம் யாரும் எடுக்கறதில்ல. சன்ரூஃப் வராது, ரீசேல் அடிவாங்கும்" என்றான். விற்பதற்காகவா வாங்குகிறோம்? கிளம்பிவிட்டோம்.

பின்பார்வைக்கு ஒரு எளிய சோதனை வைத்தோம். வண்டிக்குப் பின்னால் இடுப்பு உயரத்துக்கு ஒரு பெட்டியை நிறுத்தி, மகள் அதைப் பின்னோக்கி நகர்த்திக்கொண்டே போக, கேமராவை விட்டுவிட்டு கண்ணாடி வழியாக எப்போது தெரிகிறது என்று பார்ப்பது. சுபாரு ஃபாரஸ்டர் இதில் மற்ற எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது. தாழ்வான ஜன்னல் விளிம்பு, மெல்லிய தூண்கள், அந்தக் காலத்து வண்டி மாதிரியே. மாஸ்டா சிஎக்ஸ்-5 ஓட்டுவதற்கு எல்லாவற்றிலும் இனிமையானது. ஸ்டியரிங்கும் ஆறு கியர் ஆட்டோமேட்டிக்கும் ஒன்றுக்கொன்று பேசிவைத்துக்கொண்டது போல் வேலை செய்தன, ஆனால் கீபோர்டுப் பெட்டி சாய்த்துத்தான் போனது. புதிய சிஆர்-வியின் பின்கதவுகள் ஏறக்குறைய 90 டிகிரி திறக்கின்றன, பெரியவர்களுக்கு அதைவிடச் சௌகரியம் இல்லை. நீளம் மட்டும் 4.7 மீட்டரை எட்டிவிட்டது. எங்கள் பார்க்கிங் இடம் அதற்குச் சம்மதிக்கவில்லை.

முழு எலெக்ட்ரிக்கையும் பார்த்தோம். பார்க்கிங் பொதுவானது, சொந்தமாகச் சார்ஜர் வைக்க வழியில்லை. வெளியே வேகச் சார்ஜரை நம்பினால் 80 சதவீதத்துக்கு மேல் வேகம் படுத்துவிடும். வீட்டிலேயே சார்ஜ் போட வசதி இருப்பவர்கள் தாராளமாக எடுக்கலாம். எங்களுக்குச் சரிப்படாது. பெட்ரோலோடு ப்ளக் செருகியும் சார்ஜ் போடும் ப்ளக்-இன் ஹைபிரிட்டுக்கும் இதே பதில்தான்.

கடைசியில் வந்தது ராவ்4 ஐந்தாம் தலைமுறை ஹைபிரிட் (பெட்ரோல் என்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்தது, ப்ளக் செருக வேண்டாம்), ஆல் வீல் டிரைவ் (நான்கு சக்கரமும் இழுக்கும்), கீழ் வேரியன்ட், 17 இன்ச். அதை ஓட்டித் தீர்த்த அனுபவத்தில் சொல்கிறேன்.

என்ஜின் 2,487 சிசி. வெப்பத்தை வேலையாக மாற்றும் திறன் 41 சதவீதம் என்று கம்பெனி சொல்கிறது, பெட்ரோல் என்ஜினுக்கு அது நல்ல எண். எனக்குப் பிடித்தது வேறு. நேரடியாக சிலிண்டருக்குள் மட்டும் பெட்ரோல் பீய்ச்சும் என்ஜின்களில் இன்டேக் வால்வுகளில் கரி படியும், அதைக் கழுவப் பெட்ரோல் அந்தப் பக்கம் வராது. இதில் இரண்டு வழியிலும் பீய்ச்சுகிறது, அதனால் வால்வுகள் கழுவப்படுகின்றன. பத்து வருஷம் வைத்திருக்க நினைப்பவர்கள் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

கியர்பாக்ஸை சிவிடி, அதாவது கியர் படிகள் இல்லாமல் தொடர்ந்து மாறும் வகை, என்று எழுதியிருப்பார்கள், பலர் அதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். வழக்கமான சிவிடியில் உள்ள பெல்ட்டும் விரிந்து சுருங்கும் புல்லியும் இதில் இல்லை. இரண்டு மோட்டார்களும் என்ஜினும் ஒரு பிளானட்டரி கியர் தொகுதியில் (நடுப் பல்சக்கரத்தைச் சுற்றிச் சின்னப் பல்சக்கரங்கள் ஓடும் அமைப்பு) சேர்ந்திருக்கின்றன. தேயும் கிளட்ச் இல்லை, தனி ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லை, ஆல்டர்னேட்டர் இல்லை. ஆனால் மலையேறும்போது என்ஜின் சத்தம் வேகத்தோடு ஒத்துப்போகாது. வண்டி 50இல் ஏறும், என்ஜின் அதற்குச் சம்பந்தமில்லாமல் உச்சத்தில் கத்தும். அமைப்பே அப்படித்தான். கியர் மாற்றி ஓட்டியே பழகியவனுக்கு முதல் சில மாதங்கள் கை சும்மா இருக்காது. இப்போது பாட்டுச் சத்தத்தைக் கூட்டிவிடுகிறேன்.

மைலேஜ் பழையதில் லிட்டருக்கு 9, 10. இதில் 16, 17 சாதாரணமாக வருகிறது. நின்று நின்று போகும் நெரிசலில்தான் லாபம் அதிகம். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் விரட்டினால் அந்த வித்தியாசம் குறையும்.

சேற்றில் இரண்டும் எப்படி நடந்துகொள்கின்றன என்பதுதான் எனக்குச் சுவாரசியம். சிஆர்-வியில் இரண்டு ஹைட்ராலிக் பம்ப்கள் இருந்தன. ஒன்றை முன்சக்கரங்களோடு சுற்றும் தண்டு சுழற்றும், மற்றொன்றைப் பின்சக்கரங்கள் சுழற்றும். முன்சக்கரம் வழுக்கி வேகம் வேறுபட்டால் எண்ணெய் அழுத்தம் ஏறி கிளட்ச் பிடித்து, பின்சக்கரத்துக்கு விசை போகும். அதனால் வழுக்கிய பிறகுதான் உதவி வரும். ஒரு கணம் சக்கரம் சுற்றி, பிறகு பின்னாலிருந்து யாரோ தள்ளியது போல் ஒரு உந்துதல். ராவ்4 ஹைபிரிட்டில் முன்னுக்கும் பின்னுக்கும் தண்டே கிடையாது. பின் ஆக்ஸிலில் தனியாக 40 கிலோவாட் மோட்டார். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போதே பின்சக்கரமும் சேர்ந்து இழுப்பதால் ஈரமான சரிவில் அந்த ஒரு கணச் சுழற்சி இல்லை. ஆனால் 40 கிலோவாட் என்பது 40 கிலோவாட்தான். ஆழமான மணலில் நெடுநேரம் போராட இதை வாங்க வேண்டாம்.

பராமரிப்பில் கவனிக்க வேண்டியவை எஞ்சினுக்கு வெளியேதான் இருக்கின்றன. பின்சீட்டுக்குக் கீழே பக்கவாட்டில் ஒரு காற்றுத் துளை உண்டு. ஹைபிரிட் பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று அங்கிருந்துதான் உள்ளே போகிறது. அதன் மூடியைக் கழற்றினால் மெல்லிய சல்லடை. நான் முதல் முறை எடுத்துப் பார்த்தபோது கம்பளி போல ஒரு படலம், அதில் நாயின் முடி, சாக்லேட் உறைத் துணுக்கு. பேட்டரி சூடேறினால் ஆயுள் குறையும். அந்தத் துளைமேல் பையையோ போர்வையையோ அடைத்து வைக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. இன்னொன்று பிரேக். மோட்டாரே வேகத்தைக் குறைத்து மின்சாரமாக்கிக்கொள்வதால் பேட் அதிகம் தேய்வதில்லை. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் வேலையில்லாத பிரேக்கில் துரு பிடிக்கும், காலிப்பர் (பேடை அழுத்திப் பிடிக்கும் பாகம்) நகர உதவும் பின்கள் இறுகும். பேட் தடிமனைப் பார்த்து "நல்லா இருக்கு சார்" என்று விட்டுவிடாமல் பின்களைக் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் போடச் சொல்ல வேண்டும். ஆயில் 0டபிள்யூ-16, மிக மெல்லிய வகை. கடையில் இல்லை என்று கெட்டியான எதையாவது ஊற்ற விடாதீர்கள், கையேட்டில் மாற்றாக என்ன அனுமதித்திருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள்.

ஏசிக்கும் ஒலிக்கும் ரப்பர் விளிம்போடு பெரிய திருகு குமிழ்கள் இருப்பது பெரிய நிம்மதி. ரோட்டிலிருந்து கண்ணெடுக்காமல் கை போய்விடும். இப்போது எல்லாவற்றையும் தொடுதிரைக்குள் தள்ளும் பைத்தியம் பிடித்திருக்கிறது. ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பைச் சோதித்து மதிப்பெண் தரும் யூரோ என்கேப், தன் 2026 விதிகளில் இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர், ஹசார்டு விளக்கு ஆகியவற்றுக்குத் தனிக் கட்டுப்பாடுகள் இல்லாவிட்டால் மதிப்பெண் குறையும் என்று வைத்திருக்கிறார்கள். தேவையான குட்டு.

ஒத்துப்போகாதது அகலம். பழையதைவிட 7 சென்டிமீட்டருக்கு மேல் கூடுதல், 1,855 மில்லிமீட்டர். எண்ணில் சின்னது, இரண்டு தூண்களுக்கு நடுவில் கதவைத் திறக்கும்போது பெரியது. தனியாகத் திறக்கும் பின்கண்ணாடியை இன்னும் தேடுகிறேன். காய்கறிப் பையை உள்ளே போட முழுக் கதவையும் தூக்க வேண்டியிருக்கிறது, பின்னால் இடமில்லாவிட்டால் அதுவும் முடியாது.

ஸ்டெப்னி விஷயத்தில் ஒரு வார்த்தை. சில இடங்களில் இந்த வண்டியை ஸ்டெப்னி இல்லாமல் பஞ்சர் கிட்டோடு விற்றார்கள். டிக்கித் தரையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பக்கச்சுவர் கிழிந்தால் அந்த கிட் எதற்கும் ஆகாது.

செகண்ட் ஹேண்டில் இதே வண்டி பார்க்கப் போகிறவர்கள் பேனட்டைத் திறப்பதற்கு முன் பின்சீட்டுக்குக் கீழே உள்ள சல்லடையைப் பாருங்கள். அது சுத்தமாக இருந்தால் முந்தைய ஓனர் கையேட்டைப் படித்திருக்கிறார். பிறகு நான்கு சக்கரத்தையும் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். ஒன்று இறுக்கமாகச் சுற்றினால் காலிப்பர் வேலை பாக்கி இருக்கிறது, அதை வைத்து விலையைக் குறைக்கலாம். 19 இன்ச்சில் இருந்தால் டயர் மாற்றும் செலவையும் அதே பேச்சில் போட்டுவிடுங்கள்.