காப்பர் பவர், ஹன்னா மீட்டர், பிராசி: சில வருடக் குவாரண்டைன் அனுபவம்

உப்புத்தண்ணீர் மீன் வளர்ப்பவர்கள் குவாரண்டைன் பேச்சை எடுத்தாலே அடுத்த கேள்வி "எந்த மருந்து நல்லது?" என்பதுதான். சில வருடங்களாக, வாங்கும் மீனையெல்லாம் தனித்தொட்டியில் வைத்து மருந்து கொடுத்த பிறகே பெரிய தொட்டியில் விடுகிறேன். என் கணக்கில், மருந்தைவிட அதை அளக்கும் கருவிக்குத்தான் முதலில் காசு ஒதுக்க வேண்டும்.

நான் ஊற்றுவது காப்பர் பவர் என்ற செம்பு மருந்து. தண்ணீரில் செம்பு 2 முதல் 2.5 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) வரை நிற்க வேண்டும். கப்ரமைன் வேறு வகைச் செம்பு, அதற்கு 0.5 பிபிஎம்தான். காப்பர் பவரின் அளவைக் கப்ரமைனுக்குப் போட்டால் மீன் போய்விடும்.

வெள்ளைப்புள்ளி நோயைத் தரும் கிரிப்டோகாரியான் என்ற ஒட்டுண்ணி, மீனின் தோலுக்குள் இருக்கும்வரை செம்பு அதைத் தொடாது. சில நாளில் அது உதிர்ந்து, தரையில் கூடு கட்டிப் பெருகும். அந்தக் கூட்டையும் செம்பு உடைக்காது. கூட்டிலிருந்து வெளியேறி அடுத்த மீனைத் தேடி நீந்தும்போதுதான் சாகும். அதனால் நான்காம் நாள் புள்ளி மறைந்துவிட்டது என்று சந்தோஷப்பட ஒன்றுமில்லை. 30 நாள் அளவு குறையாமல் நிற்க வேண்டும். நடுவில் இறங்கிவிட்டால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து.

மீட்டரின் அருமை இங்கேதான் தெரியும். கலர் அட்டையோடு ஒப்பிடும் கிட்டில் 1.5-க்கும் 2-க்கும் உள்ள வித்தியாசம் என் கண்ணுக்கு ஒருபோதும் பிடிபட்டதில்லை. ஹன்னாவின் ஹை ரேஞ்ச் காப்பர் செக்கர் எண்ணாகவே காட்டிவிடுகிறது. குறை இல்லாமல் இல்லை: பவுடர் பாக்கெட்டின் மூலையில் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும், கண்ணாடிக் குப்பியில் விரல் ரேகை பட்டால் எண் மாறும், ரீஏஜென்ட் (சோதனைப் பவுடர்) செலவு தொடர்ந்துகொண்டே இருக்கும். இருந்தாலும் இது இல்லாமல் செம்பைத் தொடமாட்டேன்.

தொட்டியில் மணலும் பாறையும் வேண்டாம், செம்பை உறிஞ்சிவிடும். பிவிசி குழாய்த் துண்டுகள், ஏற்கெனவே பாக்டீரியா பிடித்த ஸ்பான்ஜ் ஃபில்டர், ஏர் ஸ்டோன் போதும். ஃபில்டரில் கார்பன் இருந்தால் எடுத்துவிடுங்கள், அதுவும் மருந்தை உறிஞ்சும். அம்மோனியா ஏறினால் அதைக் கட்டும் திரவத்தை ஊற்றாமல் தண்ணீரை மாற்றுங்கள். அந்தத் திரவங்களில் சில, செம்போடு சேர்ந்தால் மீனுக்கு விஷமாகும். புதுத் தண்ணீரிலும் அதே அளவு செம்பைக் கலந்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும்.

செம்பு தன் விலையை நியாயப்படுத்துவது வெல்வெட் நோயில். மீன் வேகமாக மூச்சு வாங்கும், வெளிச்சத்தைத் தவிர்க்கும், பம்ப்பின் நீரோட்டத்தை எதிர்த்து நிற்கும். மேலே தூசு படிந்ததுபோலத் தெரிவதற்குள் செவுள் கெட்டிருக்கும். முன்கூட்டியே செம்பில் வைத்திருந்தால் இந்த ஓட்டமே வேண்டாம்.

ஆனால் எல்லாவற்றுக்கும் செம்பு ஆகாது. க்ளவுன் மீனில் தோல் கோழையாக உரியும் புரூக்ளினெல்லா ஒட்டுண்ணிக்கு ஃபார்மலின் தேவை. குரோமிஸ் மீன்களுக்கு வரும் சிவந்த புண்ணுக்குக் காரணமான யூரோநீமா ஒட்டுண்ணி, அதுவும் செம்புக்கு மசியாது. (பச்சை குரோமிஸை மொத்தமாக வாங்கும் ஆசையையே விட்டுவிட்டேன்.) தட்டைப்புழுவுக்கு பிராசிக்வாண்டல் (சுருக்கமாக பிராசி), லிட்டருக்கு 2.5 மில்லிகிராம். முட்டை சாகாது என்பதால் சுமார் ஒரு வாரத்தில் இரண்டாவது டோஸ். பவுடர் தண்ணீரில் சுலபமாகக் கரையாது. தண்ணீர் கலங்கி ஆக்சிஜனும் குறையும். சென்னைக் கோடையில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும் நாட்களில் இரண்டு ஏர் ஸ்டோன் போடாமல் நான் பிராசி கொடுப்பதில்லை. புழு இருக்கிறதா என்று சந்தேகமென்றால், உப்புநீரின் வெப்பத்துக்கும் பிஎச்சுக்கும் சரிசெய்த நல்ல தண்ணீரில் (உப்பில்லாதது) மீனை ஐந்து நிமிடம் விட்டுப் பாருங்கள். புழு இருந்தால் வெளுத்துப்போய் வாளியின் அடியில் விழும்.

செம்புக்குப் பதிலாகக் குளோரோகுவின் என்ற மருந்தைப் பலர் புகழ்கிறார்கள். மீன் அதில் நன்றாகச் சாப்பிடுவதும் உண்மைதான். ஆனால் தண்ணீரில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று வீட்டில் பார்க்க வழியில்லை. வெளிச்சத்தில் சிதையும் மருந்து வேறு. அளக்க முடியாததை என் தொட்டியில் போடுவதில்லை.

அப்புறம், செம்பு பட்ட தொட்டியை இறால், பவளத்துக்குத் திருப்பிப் பயன்படுத்தாதீர்கள். வலை, வாளி, டியூப் எல்லாம் தனியாகவே இருக்கட்டும்.